சொற்கள் ஓயும் இடத்தில்

பெரிய வியாழன் இரவு நற்கருணை ஆராதனையில், ஒரு கட்டத்தில் பாடலும் செபமும் ஓய்ந்துவிடுகின்றன. கெத்சமனியில் தனித்து விடப்பட்ட ஆண்டவரோடு நாமும் பேச்சற்று அமர்ந்திருக்கிறோம். அந்த இரவுக்குரிய ஒலி ஒன்றை, 1927 டிசம்பர் 3ஆம் நாள், அமெரிக்காவின் டல்லஸ் நகரில், பார்வையற்ற கறுப்பினப் பாடகர் ஒருவர் இசைத்தட்டில் பதித்துச் சென்றார். அவர் பெயர் பிளைண்ட் வில்லி ஜான்சன்.

1897இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதில், தந்தையோடு ஏற்பட்ட சண்டையில் மாற்றாந்தாய் வீசிய காரநீர் பட்டுக் கண்களை இழந்தார் என்று அவருடைய மனைவி ஏஞ்சலின் பின்னாளில் கூறினார். கிதாரும் குரலுமே அவருக்குப் பிழைப்பாயின. தெருமுனைகளில் பாடி, வழிப்போக்கர் இட்ட காசில் வாழ்ந்தார்.

அடிமை முறை 1865இல் ஒழிந்த பின்னும் துயர் ஒழியாத கறுப்பின மக்களிடையே பிறந்தது புளூஸ் இசை. அதைச் சாத்தானின் இசை என்று ஒதுக்கிய பக்தர்கள் பலர். ஜான்சனோ, புளூசின் கிதார் நடையையும் கரடுமுரடான குரலையும் எடுத்துக்கொண்டு, நற்செய்தியை மட்டுமே பாடினார். 1927 முதல் 1930 வரை கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்தவை 30 பாடல்கள். பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. அதன்பின் அவர் எதையும் பதிவுசெய்யவில்லை.

அவற்றுள் ஒன்றுதான் 'இருண்டது இரவு, குளிர்ந்தது தரை' என்னும் பொருளுடைய தலைப்பைத் தாங்கியது. கெத்சமனியில் இயேசு பட்ட வேதனையைக் குறித்து, 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாவிஸ் என்ற ஆங்கிலேயப் போதகர் எழுதிய பாடலின் தலைப்பு அது. ஆனால் ஜான்சனின் பதிவில் அப்பாடலின் ஒரு சொல்கூட இல்லை. கிதாரின் நரம்பு விம்முகிறது, குரல் முனகுகிறது, மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நமக்கு எப்படி வேண்டுவது என்று தெரியாதபோது, சொல்ல முடியாத பெருமூச்சுகளோடு ஆவியார் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்கிறார் தூய பவுல். சொற்களுக்குள் அடங்காத மகிழ்வைச் சொல்லற்ற இசையால் இறைவனுக்குப் பாடலாம் என்றார் தூய அகுஸ்தீன். சொற்களுக்குள் அடங்காத துயரையும் அவ்வாறே பாடலாம் என்று இப்பார்வையற்றவர் காட்டினார்.

அவருடைய இறுதி நாள்கள் நெஞ்சை உறுத்துகின்றன. போமான்ட் நகரில் அவர் ஒரு செபவீட்டை நடத்திவந்தார். 1945இல் வீடு தீக்கிரையானது. போக்கிடமின்றி, எரிந்த வீட்டிலேயே ஈரப்படுக்கையின்மேல் செய்தித்தாள்களை விரித்து உறங்கினர். நோயுற்றவரை மருத்துவமனை ஏற்கவில்லை என்று ஏஞ்சலின் சொன்னார். மலேரியாக் காய்ச்சல் என்று இறப்புச் சான்றிதழ் குறிக்கிறது. செப்டம்பர் 18ஆம் நாள் அவர் இறந்தார்.

1977இல் ஏவப்பட்ட இரு வாயேஜர் விண்கலங்களும் மானுடத்தின் குரலாகப் பொன் இசைத்தட்டுகளைச் சுமந்து சென்றன. பாக், பேத்தோவன், நம் நாட்டின் கேசர்பாய் கேர்க்கர் ஆகியோரின் இசையோடு ஜான்சனின் அந்த முனகலும் அதில் உண்டு. 2012இல் முதலாம் வாயேஜர் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து விண்மீன்களிடை வெளியில் புகுந்தது.

ஏழையின் குரல் விண்ணை எட்டியது என்று மனநிறைவு கொள்ளத் தோன்றும். ஆனால் அந்தப் பெருமை அவருக்கு உலர்ந்த ஒரு படுக்கையைத் தரவில்லை. பாடலை ஏற்ற உலகம், பாடியவரை வாசலில் விட்டுவிட்டது. செல்வரின் வாயிலருகே கிடந்த இலாசரின் கதை இதுவே. கெத்சமனியில் ஆண்டவர் சீடர்களிடம் கேட்டதும் புகழ்ச்சி அன்று, தம்மோடு ஒரு மணி நேரம் விழித்திருக்க வேண்டும் என்பதே. அடுத்த பெரிய வியாழனன்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஆலய வாசலில் முனகுகிறவர் யார் என்று நின்று பார்ப்போமா?