வண்டுக் காரின் பிரேக் டிரம்

பிரான்சில் இருக்கும் என் மாப்பிள்ளை பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றை வாங்கி, லீவு நாட்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். 1959 ஸ்டாண்டர்ட் மாடல். போன வாரம் வீடியோவில் கூப்பிட்டுத் துருப்பிடித்த பிரேக் டிரம்மைத் தூக்கிக் காட்டினார். "பின் சக்கர நட்டைக் கழற்றவே அரை நாள் ஆச்சு மாமா" என்றார். ஆகத்தான் செய்யும். 36 மில்லிமீட்டர் நட்டு அது. திரும்பப் பூட்டும்போது, ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 30 கிலோ தொங்கினால் வரும் முறுக்கு வேண்டும். குறைந்தால் டிரம் ஆடி ஆடி அச்சின் பற்களைத் தின்றுவிடும்.

பிரெஞ்சில் டிரம்மைத் 'தாம்பூர்' என்போம். மேளம் என்றுதான் பொருள். சக்கரத்தோடு சுழலும் இரும்பு மேளம். உள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூ. பெடலை மிதித்தால் அவை விரிந்து உட்சுவரில் உரசும். இன்றைய டிரம் பிரேக்குக்கு வழி போட்டவர் லூயி ரெனோ, 1902-ல்.

பெடலுக்கும் ஷூவுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதில்தான் கதை.

1930-களில் ஃபெர்டினாண்ட் போர்ஷெ இந்தக் காரை வரைந்தபோது ஹிட்லர் அரசின் நிபந்தனை, விலை ஆயிரம் மார்க்கைத் தாண்டக் கூடாது. 990 என்று அறிவித்தார்கள். பிரேக்குக்கு நாலு சக்கரத்துக்கும் இரும்புக் கேபிள் இழுத்தார்கள். கேபிள் நாளடைவில் தளரும். ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அடிக்கடி சரிபார்க்காவிட்டால் ஆபத்து.

வேறு வழி தெரியாத காலம் இல்லை. 1921-லேயே அமெரிக்காவின் டூசன்பர்க் காரில் எண்ணெய் பிரேக் இருந்தது. 1934-ல் சித்ரோயன் தன் டிராக்ஸியோன் அவான் காரில் வைத்தது. தத்துவம், நாங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்த பாஸ்கலுடையது: மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். சக்கரங்களுக்குள் பங்கு தகராறே வராது.

போர் முடிந்தபின் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையைப் பிரிட்டிஷ் ராணுவம் மறுபடி ஓடவைத்தது. 1949-ல் 'ஏற்றுமதி மாடல்' வந்தது. 1950-ல் அதற்கு எண்ணெய் பிரேக் கிடைத்தது. ஆனால் விலை குறைந்த ஸ்டாண்டர்ட் மாடலுக்கு 1960-களின் தொடக்கம்வரை அதே கேபிள்தான். ஒரே தொழிற்சாலை, ஒரே சாலை. கூடக் காசு கொடுக்க முடிந்தவன் எண்ணெயில் நின்றான், முடியாதவன் கேபிளை நம்பினான். முப்பது வருஷம் செலவினக் கோப்பு புரட்டிய எனக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை. ஆனாலும் உறுத்துகிறது. பிற்பாடு நிலைமை தலைகீழானது வேறு விஷயம்: 1966-ல் ஐரோப்பாவின் 1500 பீட்டிலுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் வந்தது, அமெரிக்காவுக்குப் போன பீட்டில்கள் கடைசிவரை டிரம்மிலேயே ஓடின.

மாப்பிள்ளைக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். கேபிளையும் புதிதாகவே வாங்கி வைத்திருந்தார்.

"எண்ணெய் பிரேக் போடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"அசல் போயிடுமே மாமா."

"பின் சீட்டில் பேத்திதானே உட்காரப் போறா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவரே வழி சொன்னார். பிந்தைய நாலு போல்ட் டிரம் போட்டால் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். அதே காலத்து ஏற்றுமதி மாடலின் ஐந்து போல்ட் டிரம் என்றால் வெளியே பார்க்க வித்தியாசமே தெரியாதாம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார். கேபிளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.