சுருதி சேர்க்கக் கண் எதற்கு?

பார்வை இல்லாத ஒருவர் வீணை வாசித்தால் கை தட்டுகிறோம். அந்த வீணைக்கு அவரே சுருதி சேர்க்க ஆரம்பித்தால் மட்டும் நமக்குப் பொறுக்காது. "கொடுங்க, நான் சேர்த்துத் தரேன்" என்று யாராவது எழுந்துவிடுவோம். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால், கண் இல்லாதவர்களிடம்தான் உலகம் பல நூறு வருடங்களாகச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். சங்கீதத்தில் கேள்வி ஞானம்தான். இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தவள் என் அக்கா பெண். கல்லூரிப் படிப்புக்காக இங்கே லேக் கார்டன்ஸில் எங்களோடு இருக்கிறாள். வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்கு மேல் பார்வை இல்லை. பத்து வருடமாக வீணை வாசிக்கிறாள். சமீபத்தில் ஒரு போட்டி (நடத்தியவர்கள் பெயர் வேண்டாம்). இவள் மேடையேறி பிரடையில் கை வைத்ததுமே ஒருவர் ஓடி வந்தார். வீணையை வாங்கி, கைபேசியைப் பக்கத்தில் வைத்து, திரையில் பச்சை வரும் வரை முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னது: "அவர் போனுக்குச் சரியா இருந்தது மாமா, எனக்குச் சரியா இல்லை. திருப்பிச் சேர்த்தா மரியாதையா இருக்காதுன்னு அப்படியே வாசிச்சிட்டேன்."

போனுக்குச் சரியாக இருப்பது காதுக்குச் சரியில்லாமல் போகுமா? போகும். சட்ஜம் நொடிக்கு 160 அதிர்வு என்றால் சுத்த பஞ்சமம் 240. பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் போடுகிற கணக்கில் அதே பஞ்சமம் 239.7தான். சாதாரண டியூனர் செயலிகள் பெரும்பாலும் இந்தப் பியானோ கணக்கில்தான் பச்சை காட்டும். வித்தியாசம் மயிரிழைதான். ஆனால் இரண்டு தந்தியையும் சேர்த்து மீட்டினால் நாதம் மெதுவாக ஏறி இறங்கி அலைபாயும். தந்தி நெருங்க நெருங்க அலை மெதுவாகும், சரியாகச் சேர்ந்ததும் நின்றுவிடும். சுருதி சேர்ப்பது என்பதே இந்த அலை நிற்கிற இடத்தைப் பிடிப்பதுதான். அதைக் காதால் பிடிக்க வேண்டும். மடியில் இருக்கும் சுரைக்குடுக்கையின் அதிர்வில் கைக்கும் கொஞ்சம் தெரியும். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம், பக்கத்தில் மூன்று தாளத் தந்திகள். ஏழுக்கும் ஏழு பிரடை, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று விரலுக்கு மனப்பாடம்.

நம் ஊர் உதாரணம் வீணை தனம்மாள் (1867 - 1938). சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் அவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்காருவார்கள். மிருதங்கம் கிடையாது. மீட்டுகோலும் போடாமல் நகத்தாலேயே மீட்டுவார். அவ்வளவு மெல்லிய நாதத்தில் சுருதி ஒரு இழை விலகினாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. பிற்காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது, வாசிப்பு நிற்கவில்லை. அவருக்குப் பதங்கள் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவரான வாலாஜாபேட்டை பாலதாஸ் நாயுடுவும் பார்வை இல்லாதவர்தான். அந்த வீட்டுச் சொத்து எங்கள் கல்கத்தா வரைக்கும் வந்திருக்கிறது. தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி தென்னிந்தியாவுக்கு வெளியே முதன்முதலில் ஆடியது 1934ல், இந்த ஊரில்தான்.

தனம்மாள் ஒரு விதிவிலக்கு, மேதை, அவரை வைத்துப் பேசக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். சரி, வெளியூருக்குப் போவோம்.

ஜப்பானில் பார்வையற்ற இசைக்காரர்களுக்கென்றே அரசு அங்கீகாரத்தோடு ஒரு சங்கம் இருந்தது. 1871ல் கலைக்கப்படும் வரை அதில் படிப்படியாகப் பதவிகள் உண்டு, மேல்படி ஒன்றுக்குப் பெயர் கெங்யோ. (நம் வங்கியில் ஸ்கேல் ஒன், ஸ்கேல் டூ மாதிரி!) அந்தப் பதவியை அடைந்த யாத்சுஹாஷி கெங்யோ (1614 - 1685) கோட்டோ வாசித்தவர். கோட்டோவுக்குப் பதின்மூன்று தந்தி, ஒவ்வொன்றுக்கும் தனிக் குதிரை. குதிரையை நகர்த்தித்தான் சுருதி சேர்க்க வேண்டும், முழுக்கக் கை வேலை. யாத்சுஹாஷி இருந்த சுருதியைச் சரியாகச் சேர்த்ததோடு நிற்கவில்லை, சேர்க்கும் முறையையே மாற்றினார். அதுவரை இல்லாத அரைச் சுரங்களைக் கொண்டுவந்தார். ஹிராஜோஷி என்று பெயர் பெற்ற அந்த முறைதான் இன்றைக்கும் கோட்டோவின் அடிப்படைகளில் ஒன்று. ஒரு நாட்டு வாத்தியத்தின் சுருதியைத் தீர்மானித்தவர் கண் தெரியாதவர்!

அடுத்தது அயர்லாந்து. 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் பழைய ஹார்ப் கலைஞர்களைத் தேடிக் கூட்டினார்கள். வந்த ஐரிஷ்காரர்கள் பத்துப் பேர், அதில் ஆறு பேருக்குப் பார்வை இல்லை. மூத்தவர் டெனிஸ் ஹெம்ப்சன், வயது தொண்ணூற்றைத் தாண்டிவிட்டது, பித்தளைத் தந்தியை நீண்ட நகங்களால் மீட்டுகிறவர் (தனம்மாள் ஞாபகம் வருகிறதா?). எட்வர்ட் பன்டிங் என்ற பத்தொன்பது வயதுப் பையனை உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். பாட்டுகளோடு சுருதி சேர்க்கும் வரிசையையும் அவர் பின்னாளில் எழுதி வைத்தார். முதலில் ஒரே சுரத்தில் நிற்கும் இரண்டு தந்திகளைச் சேர்க்க வேண்டும், அவற்றுக்கு 'சகோதரிகள்' என்று பெயர். பிறகு அங்கிருந்து பஞ்சமம், ஸ்தாயி என்று மற்றவற்றைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நம் வீட்டில் வீணைக்கு நடப்பதும் ஏறக்குறைய இதேதான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை பாரிஸில் நடந்தது. குளோட் மொந்தால் (1800 - 1865) சிறு வயதிலேயே பார்வை இழந்து, அங்கிருந்த பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். லூயி பிரெயில் படித்த அதே பள்ளி. அங்கே பியானோக்களுக்குச் சுருதி சேர்க்க வெளியிலிருந்து கண் தெரிந்த ஒருவர் வருவார். அவர் வேலை மொந்தாலுக்குத் திருப்தியாக இல்லை, தானும் ஒரு நண்பனுமாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். வந்தவர் புகார் செய்தார், பியானோவைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. இருவரும் ஒரு பழைய பியானோவைப் பிடித்து, பிரித்துப் போட்டு, தடவித் தடவிப் படித்து, மறுபடி பூட்டிச் சேர்த்துக் காட்டினார்கள். கடைசியில் பள்ளியின் பியானோக்களே அவர்கள் பொறுப்பில் வந்தன. மொந்தால் 1830ல் வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கினார். 1836ல் பியானோவுக்கு நீங்களே சுருதி சேர்ப்பது எப்படி என்று ஒரு புத்தகமும் போட்டார். கண் தெரிந்தவர்களுக்குப் பாடம் எடுத்த புத்தகம்!

பியானோவில் சுமார் 230 தந்திகள். சம பங்குக் கணக்குக்காகப் பஞ்சமத்தைத் துளி குறைத்து, நான் மேலே சொன்ன அலையை நொடிக்கு இத்தனை என்று எண்ணிச் சேர்க்க வேண்டும். மொந்தாலுக்குப் பிறகு இது பார்வையற்றோர் பள்ளிகளில் சம்பாத்தியத்துக்கான தொழிலாகவே ஆயிற்று. லண்டனில் 1872ல் தொடங்கிய கல்லூரியில் இது முக்கியமான பாடம். பியானோ டியூனர் என்றாலே கண் தெரியாதவர் என்று மேல்நாட்டில் நினைக்கிற அளவுக்கு வந்தது.

இதில் கண் எப்போது நுழைந்தது? ஊசி காட்டும் மின்கருவிகளோடு. 1975ல் கோர்க் நிறுவனம் கையில் எடுத்துப் போகிற அளவில் ஒன்றைக் கொண்டுவந்தது, பிறகு அது கைபேசிக்குள் போய்விட்டது. கருவி மேல் எனக்குக் கோபமில்லை, அவசரத்துக்கு உதவும். ஆனால் காதால் நடந்த வேலை கண் பார்க்கும் வேலையாக மாறியதும், "உன்னால் முடியாதே" என்று சொல்ல நமக்குச் சுலபமாகிவிட்டது. நம் சுருதிப்பெட்டியைப் பாருங்கள், அது நாதத்தை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை உங்கள் காதுக்கு விட்டுவிடுகிறது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் டாலிகஞ்ச். 1930களில் அங்கே நியூ தியேட்டர்ஸ் படங்களில் பாடி நடித்தவர் கே.சி. டே (1893 - 1962), மன்னா டேயின் சித்தப்பா. பதின்ம வயதிலேயே பார்வை போனவர். அவர் தொண்டைக்கு யாரும் ஓடி வந்து சுருதி சேர்த்துத் தரவில்லை. வாத்தியம் என்றதும்தான் நமக்குக் கை நீள்கிறது.

சபா நடத்துகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடமும் மைக்கையும் மின்விசிறியையும் அணைத்து வையுங்கள், அலை காதில் விழ வேண்டும். வீணையைக் கையில் கொடுத்துவிட்டு, அவர்களாகக் கேட்டால் ஒழிய இரண்டடி தள்ளி நில்லுங்கள்.