கணக்கு வாத்தியாருக்கு 200 ரூபாய் அபராதம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

போன மாதம் 1991-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் ஒன்றுகூடல் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் என்கிறேன், எல்லோருக்கும் ஐம்பது வயது ஆகப்போகிறது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒருவன் என்னைத் தனியாக அழைத்துப் போனான்.

"சார், பத்தாவது படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம் உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. ராத்திரி தூக்கத்தில் விந்து வெளியேறுகிறதே, இது நோயா என்று கேட்டிருக்கிறான். "போய் அல்ஜீப்ராவைப் பாருடா" என்று விரட்டிவிட்டேனாம்.

அவன் அல்ஜீப்ராவைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்திருக்கிறான். மாதத்துக்கு ஒருநாள் டவுனுக்கு வந்து லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் 'வைத்தியர்' ஒருவர், நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்தி லேகியம் கொடுத்திருக்கிறார். அம்மா சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்து இரண்டு வருஷம் அந்த லேகியத்தைத் தின்றிருக்கிறான். தனக்குக் கல்யாணத்துக்கே தகுதியில்லை என்று நம்பி, வந்த வரன்களையெல்லாம் முப்பத்து மூன்று வயது வரை தட்டிக்கழித்திருக்கிறான். கடைசியில் ஓர் அரசு மருத்துவர் ஐந்தே நிமிஷத்தில், "இது வயசுப் பையன்களுக்கு இயல்பா நடக்கிறதுதான், உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

"உங்க மேல கோபமில்ல சார். நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பேன், அவ்வளவுதான்" என்றான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த ஒரு மனிதரின் கதை திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அவரும் என்னைப்போலக் கணக்கு வாத்தியார்தான். ஆனால், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னவர்.

பெயர் ரகுநாத் தோண்டோ கார்வே. 1882-ல் பிறந்தவர். விதவைகளின் மறுவாழ்வுக்காகவும் பெண்கல்விக்காகவும் உழைத்து 1958-ல் பாரத ரத்னா பெற்ற மகரிஷி கார்வேயின் மூத்த மகன். ரகுநாத்துக்கு ஒன்பது வயதானபோது தாய் ராதாபாய் பிரசவத்தில் இறந்துபோனார். தந்தை ஒரு விதவையை மறுமணம் செய்துகொண்டதற்காகச் சொந்த ஊர்க்காரர்கள் அவரைத் தள்ளிவைத்தார்கள். ஊர்ப்பேச்சு என்றால் என்ன என்பது ரகுநாத்துக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

பம்பாயில் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1921-ல் அங்கே ஒரு கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கினார். லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் தமது நிலையத்தைத் தொடங்கியதும் அதே வருஷம்தான். நம் நாட்டில் இந்தப் பேச்சையே வாயெடுக்க முடியாத காலம் அது. கல்லூரி வேலை போயிற்று. மனைவி மாலதி அம்மையார் கூடவே நின்றார். பிள்ளை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்திருந்தார்கள்.

1927 ஜூலையில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கினார். சமூக நலம் என்று பொருள். கருத்தடை, பால்வினை நோய்கள், தாம்பத்தியம், பெண்ணின் உரிமை எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். வாசகர்கள் வெட்கப்பட்டு யாரிடமும் கேட்க முடியாத சந்தேகங்களைக் கடிதமாக எழுதுவார்கள். அவர் இதழில் பதில் சொல்வார். சுய இன்பத்தால் உடல் கெட்டுப்போகும் என்று ஊரே சொன்ன காலத்தில், அது வெறும் மூடநம்பிக்கை என்று அச்சில் எழுதியவர் அவர். என் மாணவன் 1991-ல் கேட்டதற்கும் அதில் பதில் இருக்கிறது.

இதழின் அட்டையில் நிர்வாணப் படங்களைப் போடுவது அவர் வழக்கம். உடம்பைப் பார்த்து வெட்கப்படக் கூடாது என்பது அவர் கட்சி. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எதிரிகளுக்கு அது நல்ல ஆயுதமாகிவிட்டது. 1931-ல் ஒரு கட்டுரைக்காக ஆபாச வழக்குப் போட்டார்கள்.

1934-ல் மறுபடியும் வழக்கு வந்தது. இந்தத் தடவை குற்றம் என்ன தெரியுமா? வாசகர்களின் கேள்விக்குப் பதில் சொன்னது. சுய இன்பம், ஓரினச்சேர்க்கை பற்றிய கேள்விகள். அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தலைக்குமேல் வேலை. ஊரார் முகம்சுளிக்கும் வழக்கு வேறு. ஆனாலும் எடுத்துக்கொண்டார்.

அவர் வாதத்தின் சாரம் இதுதான்: பாலியல் பற்றி எழுதுவதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது. மனிதர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, கேட்கிறார்கள். அறியாமையை அறிவால்தான் போக்க முடியும். கேட்டால் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது?

வழக்கு தோற்றது. கார்வேக்கு 200 ரூபாய் அபராதம். வேலையில்லாத ஆளுக்கு அன்று அது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அபராதத்தைக் கட்டிவிட்டு அவர் இதழைத் தொடர்ந்து நடத்தினார். கைக்காசைப் போட்டு, பெரும்பாலும் ஒற்றை ஆளாக, 1953-ல் இறக்கும் வரை, 26 வருஷம். 2001-ல் அமோல் பாலேகர் அவர் வாழ்க்கையை 'த்யாஸ்பர்வ' என்று மராத்தியில் படமாக எடுத்தார்.

நம் பக்கத்திலும் அதே காலத்தில் பெரியாரின் 'குடிஅரசு' கருத்தடை பற்றித் துணிந்து எழுதியது. ஆக, இதெல்லாம் இன்டர்நெட் வந்த பிறகு வந்த பேச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூறு வருஷம் ஆகிறது.

அந்த நூறு வருஷத்தில் நாம் எவ்வளவு தூரம் வந்தோம்? 2007-ல் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி வேண்டாம் என்று பல மாநிலங்கள் தடை போட்டன. கார்வே பிறந்த மகாராஷ்டிராவும் அதில் ஒன்று. அதே மும்பையில் டாக்டர் மகிந்தர் வாட்சா, எண்பது வயதுக்குமேல் பத்திரிகையில் கேள்வி பதில் பகுதி தொடங்கி, 2020-ல் 96 வயதில் காலமாகும் காலம் வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே ஊரில்தான் நடந்தன.

வேறு மாநிலத்தைச் சொல்வானேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிய ஆசிரியர்களோடுதான் நானும் ஸ்டாஃப் ரூமில் டீ குடித்தேன். கணக்கு வாத்தியார் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். கார்வேயும் கணக்கு வாத்தியார்தான்.

இப்போது பெற்றோராக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பையனுக்குக் குரல் உடைவது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது, பெண்ணுக்கு முதல் ஓரிரு வருஷம் மாதவிடாய் நாள் தள்ளிப்போவது, யாரையோ பார்த்து மனசு தடுமாறுவது, இதெல்லாம் வளர்ச்சி. பிள்ளைகள் கேட்டால் முகத்தை மாற்றாதீர்கள். பதில் தெரியவில்லையென்றால், "தெரியல, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி கேட்டும் சொல்லுங்கள். யாராவது தப்பாகத் தொட்டார்கள் என்று பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். உடல்நலச் சந்தேகத்துக்கு 104, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டு எண்ணையும் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துங்கள்.

நீங்கள் விரட்டினாலும் பிள்ளை கேட்பதை நிறுத்தாது. அன்று லாட்ஜ் இருந்தது. இன்று கையிலேயே போன் இருக்கிறது.

போன வாரம் என் பதினான்கு வயதுப் பேரன் ஒரு கேள்வி கேட்டான். என்ன கேள்வி என்பது எனக்கும் அவனுக்கும். ஃபேனைப் பார்த்துக்கொண்டே, தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பதில் சொல்லி முடித்தேன். "இவ்வளவுதானா தாத்தா?" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

அந்த மாணவன் இதைப் படித்துக்கொண்டிருப்பான். உன் பெயரை எங்கும் சொல்லவில்லையப்பா. அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்