இளங்குழந்தை உளக்காயம்: கடலூர், சிதம்பரம் கடலோரம்

பேரிடர், வன்முறை, பெற்றோரின் மரணம் போன்றவற்றால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உண்டாகும் நீடித்த மனப் பாதிப்பு இளங்குழந்தை உளக்காயம் எனப்படும். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை வந்த சுனாமி கடலூரின் தேவனாம்பட்டினத்தையும், சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் அருகிலுள்ள எம்.ஜி.ஆர். திட்டையும், இடையிலிருந்த பல மீனவர் குப்பங்களையும் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் சுமார் 600 பேர் இறந்தனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு தனி இல்லங்களைத் திறந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தன்னார்வலர்களுக்கு உளவியல் ஆதரவுப் பயிற்சி அளித்தது.

“சின்னப் புள்ளதானே, மறந்துரும்” என்பார்கள். இது பெரியவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். இரண்டு வயதுப் பிள்ளை நடந்ததைக் கோவையாகச் சொல்லாது. அதன் உடம்பும் விளையாட்டும் சொல்லும். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோகும். விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பும். நள்ளிரவில் வீறிட்டு எழும். தாய் கொல்லைக்குப் போனாலும் முந்தானையை விடாது. மணலில் வீடு கட்டும், தண்ணீர் ஊற்றிக் கரைக்கும், மறுபடி கட்டும். முகத்தில் சிரிப்பே இராது. சந்தோஷமில்லாமல் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவது முக்கியமான அறிகுறி.

வாய்ப்பேச்சை நம்பியே நோயறியும் முறைகள் இவ்வயதினருக்குப் பொருந்தவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் உளக்காயப் பாதிப்புக்குத் தனி வரையறையைத் தன் நோயறிதல் கையேட்டில் சேர்த்ததே 2013இல்தான்.

பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவது ஊர் வழக்கம். அதைக் கேலி செய்து பயனில்லை. கயிறு கட்டிய கையோடு மருத்துவரிடமும் காட்டினால் போதும். சிகிச்சையின் மையம் மாத்திரை அன்று, தாயோ பாட்டியோ பிள்ளையை வளர்ப்பவர்தான். இன்னொரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தாயைத் தேற்றாமல் மடியிலிருப்பதைத் தேற்ற முடியாது. வேளைக்குச் சோறு, அதே பாய், தெரிந்த முகங்கள், அங்கன்வாடிக்குத் திரும்புவது: இவையும் மருந்தே.

கடலூருக்கு ஆபத்து ஒருமுறையோடு நிற்பதில்லை. சுனாமியின்போது இரண்டு வயதான பிள்ளை, 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோது ஒன்பது வயதிலும், 2015 வெள்ளத்தில் பதின்மூன்று வயதிலும் இருந்தது. மாவட்டத்தின் பேரிடர் ஆயத்தத்தில் படகுக்கும் அரிசிக்கும் உள்ள இடம் பிள்ளைகளின் மனநலத்துக்கும் வேண்டும்.

அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098.