ஐந்து செண்ட்

ஹாங்காங் போகிறேன் என்று சொன்னதும் ஆபிஸ் வாட்ஸப் குழுவில் பட்டியல் வந்து விழுந்தது. விக்டோரியா பீக், பெரிய புத்தர், அவென்யூ ஆஃப் ஸ்டார்ஸ், இரவு எட்டு மணி லைட் ஷோ. கடைசியில் ஒருத்தர், "டைம் இருந்தா ஸ்டார் ஃபெர்ரி. பத்து நிமிஷம்தான், சீப்" என்று போட்டிருந்தார். இரண்டு வார ப்ராஜெக்ட் வேலை, நடுவில் கிடைத்தது ஒரே ஒரு சனி ஞாயிறு. ஓடி ஓடி எல்லாவற்றையும் பார்த்தேன். இப்போது உட்கார்ந்து எழுத வைப்பது அந்த சீப்பான பத்து நிமிஷம்தான்.

பீக் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மேலே போகிற ட்ராம் 1888-ல் ஓடத் தொடங்கியது. 1908 முதல் 1949 வரை அதன் முன்வரிசை இருக்கை கவர்னருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1904-ல் போட்ட ஒரு சட்டப்படி மலைமேல் சீனர்கள் குடியிருக்க முடியாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு விலக்கு. அந்தச் சட்டம் 1946-ல்தான் போனது. இன்று அதே மலையில் செல்ஃபி எடுக்க எல்லோரும் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்கிறோம், நான் உட்பட.

ஃபெர்ரிக்கு வருவோம். கவுலூன் பக்கத்தில் சிம் ஷா சுய் துறையில் ஏறி, ஹாங்காங் தீவின் சென்ட்ரலில் இறங்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற படகு. திரும்பவே வேண்டாம், போன வழியிலேயே பின்னோக்கி வந்துவிடும். மர பெஞ்சின் முதுகுச் சட்டத்தைத் தள்ளினால் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்கிறது, படகு எந்தப் பக்கம் போனாலும் நாம் முன்னால் பார்த்து உட்காரலாம். சின்ன யோசனைதான், ஆனால் இதை வடிவமைத்தவரைக் கூப்பிட்டுக் கை குலுக்க வேண்டும் போலிருந்தது. கரை நெருங்கியதும் நீலநிற மாலுமி உடையில் வயதான ஒருவர் நீளமான கொக்கிக் கழியால் வடத்தைப் பிடித்து இழுக்கிறார். பலகை தடாலென்று விழுகிறது. ஜனம் இறங்குகிறது.

இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் ஒரு பார்சி. பெயர் தோராப்ஜி நௌரோஜி மிட்டாய்வாலா. 1888-ல் கவுலூன் ஃபெர்ரி கம்பெனி என்று ஆரம்பித்தார். பத்து வருடம் கழித்து அது கைமாறி ஸ்டார் ஃபெர்ரி ஆனது. மார்னிங் ஸ்டார், ஈவினிங் ஸ்டார் என்று அவருடைய படகுகளின் பெயர்களில் இருந்த நட்சத்திரம் கம்பெனிக்கே பெயராகிவிட்டது.

சென்ட்ரலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் படகுத்துறைக் கட்டடம் கண்ணை நிறைக்கிறது. வளைவுகள், தூண்கள், மேலே கடிகாரக் கோபுரம். நூறு வருடப் பழசு என்று நானே முடிவு பண்ணிக்கொண்டு ஸ்டேட்டஸ் போட்டேன். திங்கள்கிழமை க்ளையன்ட் ஆபிஸில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "அது என் பையனை விடச் சின்னது. 2006" என்றார். பிறகு கேட்டார்: "மேல் தளமா, கீழ் தளமா?" மேல் என்றேன். "நாங்கள் எப்போதும் கீழ்தான். அம்மா மேலே விடவே மாட்டார்." அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் அன்று ராத்திரி ஹோட்டல் அறையில் நோண்ட ஆரம்பித்தேன்.

மேல் தளம் முதல் வகுப்பு, கீழ் தளம் இரண்டாம் வகுப்பு. அன்றிருந்த ஏற்பாடு அது. இன்றும் இரண்டுக்கும் கட்டணம் வேறு. துறைமுகத்தைக் கடக்கும் சுரங்கச் சாலை 1972-ல்தான் வந்தது. அதுவரை வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் படகைத்தான் நம்பியிருந்தார்கள். 1965-ல் கம்பெனி கட்டணத்தை ஏற்ற அனுமதி கேட்டது. முதல் வகுப்பு 20 செண்டிலிருந்து 25 செண்ட் ஆகும், இரண்டாம் வகுப்பு பழைய 10 செண்டிலேயே இருக்கும். எல்சி எலியட் என்ற நகரசபை உறுப்பினர் இதற்கு எதிராக 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார். 1966 ஏப்ரல் 4 அன்று சோ சௌ சுங் என்ற இளைஞர், இருபதுகளில் இருந்தவர், சென்ட்ரல் படகுத்துறை வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கறுப்புச் சட்டையில் கையால் எழுதிய வாசகங்கள். தனி ஆள், பின்னால் கட்சி எதுவும் இல்லை. மறுநாள் கைது செய்தார்கள். அடுத்த இரண்டு இரவுகள் கவுலூனின் நாதன் ரோடு பற்றி எரிந்தது. ஊரடங்கு போட்டார்கள். ஒருவர் இறந்தார். 1,400-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள், அதில் பெரும்பாலோர் இளவட்டம்.

இங்கேதான் எனக்கு உதைத்தது. ஏறியது முதல் வகுப்புக் கட்டணம். தெருவில் இறங்கிய பையன்களில் பலர் முதல் வகுப்பில் ஏறியே இருக்க மாட்டார்கள். பிறகு என்னத்துக்கு?

கல்லூரி நாட்களில் நான் வெள்ளை போர்டு பஸ்ஸுக்காக நின்றவன். டீலக்ஸ் ஒன்று போகும், விடுவேன். இன்னொன்று போகும், அதையும் விடுவேன். வெள்ளை போர்டில் டிக்கெட் விலை ஏறவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எங்கள் ரூட்டில் வெள்ளை போர்டே வரவர அரிதாகிக்கொண்டு வந்தது. 'உனக்கு ஒண்ணும் ஏத்தலையே' என்று சொல்லப்படும்போது அடுத்தது நாம்தான் என்று வயிற்றுக்குத் தெரிந்துவிடும். ஹாங்காங்கிலும் அதே பயம். படகு ஏறினால் பஸ் ஏறும், பஸ் ஏறினால் அரிசி ஏறும். கலவரத்தை விசாரித்த குழுவும் பின்னால் அரசுக்கும் மக்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பேச வேண்டிவந்தது. முதல் வகுப்புக் கட்டணம் மட்டும் அறிவித்தபடியே ஏறியது.

சரி, சோ சௌ சுங் உட்கார்ந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அது இன்றைய படகுத்துறை இல்லை. 1950-களின் கடைசியில் எடின்பரோ ப்ளேஸில் திறந்த பழைய துறை. அலங்காரமில்லாத கான்கிரீட் கட்டடம், மேலே மணிகளோடு ஓர் இயந்திரக் கடிகாரம். பழைய படங்களில் பார்த்தால் ஏதோ அரசு அலுவலகம் மாதிரி இருக்கிறது, யாரும் ஸ்டேட்டஸ் போட மாட்டார்கள்.

அங்கே போவதற்கு நான் குவீன்ஸ் ரோட்டிலிருந்து நடந்தேன். 1840-களில் அந்தச் சாலைதான் கடற்கரை. கடலைத் தூர்த்து அடுத்து வந்தது ட்ராம் ஓடும் டெ வூ ரோடு. அதையும் தாண்டித் தூர்த்தது கனாட் ரோடு. 1890-களில் நடந்த அந்தப் பெரிய வேலைக்குப் பின்னால் இருந்தவர் பால் சேட்டர், கல்கத்தாவில் பிறந்த ஆர்மேனியர். அதற்கப்புறம் இன்னும் இன்னும். பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில், கால் நனையாமல், ஒன்றரை நூற்றாண்டுக் கடலைக் கடந்துவிடலாம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் துறைமுகத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள், ஊரோ அதையேதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வளர்ந்திருக்கிறது. இதைத் தடுக்க 1997-ல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தூர்க்க வேண்டுமானால் தவிர்க்க முடியாத பொதுத்தேவை இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்று 2004 ஜனவரியில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் சென்ட்ரலில் வேலை நிற்கவில்லை. போக்குவரத்து நெரிசலுக்கு பைபாஸ் வேண்டும் என்றது அரசு.

2006 நவம்பர் 11 இரவு பழைய துறையிலிருந்து கடைசிப் படகு கிளம்பியது. வழியனுப்ப ஜனம் திரண்டு வந்தது. டிசம்பரில் இளைஞர்கள் இடிக்கும் இடத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1966-ல் பிறந்தே இருக்க மாட்டார்கள். அவர்களை அப்புறப்படுத்திவிட்டுக் கடிகாரக் கோபுரத்தை இடித்தார்கள். அரசின் வாதத்தில் அந்தக் கட்டடம் அரை நூற்றாண்டு கூட ஆகாதது, பாரம்பரியச் சின்னம் ஆகாது. சில நூறு மீட்டர் தள்ளிப் புதுத்துறை கட்டினார்கள், 1912-ல் இருந்த துறையின் சாயலில். அதாவது, நிஜமாகவே ஒன்று நடந்த இடத்தை எடுத்துவிட்டுப் பழசு மாதிரி ஒன்றை வைத்தார்கள். நானும் விழுந்தேன். எங்கள் தொழிலில் பழைய கோடை தூக்கிப்போட்டுவிட்டு வெளித்தோற்றத்தை மட்டும் அதே மாதிரி வைப்போம். யூசர் கண்டுபிடிக்கக் கூடாது என்பதுதான் அங்கே குறிக்கோள். அந்த வேலைக்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

போன் வரைபடத்தில் பழைய படத்தை ஒட்டிவைத்துப் பார்த்து ஓர் இடத்தில் நின்றேன். சாலை, தடுப்பு, வண்டிகள். கடல் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் வழி கேட்டது, ஃபெர்ரிக்கு எப்படிப் போக வேண்டும் என்று. மேம்பாலத்தைக் காட்டினேன்.

நானும் அதே வழியில் போய்க் கீழ்தளத்துக்கு டிக்கெட் எடுத்தேன். டீசல் வாசனை, என்ஜின் சத்தத்தில் பெஞ்சே அதிர்கிறது, தண்ணீர் ரொம்பப் பக்கத்தில். எதிரே காய்கறிப் பையோடு ஓர் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அக்கரையில் 1915-ல் கட்டிய ரயில்வே கடிகாரக் கோபுரம் தெரிந்தது. ஸ்டேஷனை 1978-ல் இடித்தபோது அதை மட்டும் விட்டுவைத்தார்கள். படகு முட்டி நின்றதும் அந்த அம்மா சட்டென்று எழுந்து, போகிற போக்கில் பெஞ்சின் முதுகுச் சட்டத்தை அடுத்தவருக்காக எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.