முன்னோடி என்னும் சொல்

கறுப்பினப் பாடகி ஸிஸ்டர் ரோஸெட்டா தார்ப்பை 'எல்விஸ் பிரெஸ்லியின் முன்னோடி' என்று குழந்தைகளுக்கு அறிமுகம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. முன்னோடி என்றால் பின்னால் வருபவருக்கு வழிவிட்டு ஒதுங்கியவர் என்றே குழந்தை புரிந்துகொள்ளும். 1915இல் அர்க்கன்ஸாஸில் பிறந்து தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். பக்திப் பாடலை மின்கிதாருடன் இசைத்தவர். 1944இல் பதிவான அவருடைய பாட்டொன்று, மறு ஆண்டு, கறுப்பர் இசைக்கென்று 'பில்போர்ட்' பத்திரிகை வைத்திருந்த தனிப்பட்டியலில் 2ஆம் இடத்துக்கு வந்தது. 'ஏன் தனிப்பட்டியல்?' என்று குழந்தை கேட்குமானால் சரித்திரம் அங்கேதான் தொடங்குகிறது.

1986இல் எல்விஸை ஏற்றுக்கொண்ட ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபம், 1973இல் இறந்துபோன இவரை 2018இல்தான் சேர்த்தது. அதுவும் 'ஆரம்பகாலப் பாதிப்பு' என்ற பிரிவில். குழந்தைகள் முதலில் அந்தக் கிதாரைக் கேட்கட்டும். எல்விஸ் அப்புறம் வரட்டும்.