சமூக ஆதரவு நிலைய உள்ளமைப்பு

இழப்பு, போர், வன்முறை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோர் தயக்கமின்றி வந்து பேசவும் இளைப்பாறவும் ஏற்றவாறு ஆதரவு நிலையங்களின் அறை, இருக்கை, வெளிச்சம் முதலியவற்றை ஒழுங்குசெய்யும் முறை.

அடிப்படைகள்: வருபவர் கண்ணில் வாசல் படவேண்டும், உள்ளே பேசுவது வெளியே கேட்கக்கூடாது. நாற்காலிகளை நேரெதிரே போடாமல் சற்றுத் திருப்பிப் போட்டால், பேசுபவர் வேண்டியபோது பார்வையை விலக்கிக்கொள்ளலாம். நடுவில் பெரிய மேசை இருந்தால் அலுவலகத் தோற்றம் வந்துவிடும்.

கரையோரத் தேவைகள்: திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவிலுள்ள இறக்கக்கண்டி, 26.12.2004 ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்ட ஊர்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களில் கடலைப் பார்த்த இருக்கை சிலருக்கு ஆறுதல், சிலருக்கு அச்சம். ஆகவே இரு பக்கமும் இருக்கை தேவை. வெக்கை தணிய எதிரெதிர் சன்னல்களும் அகன்ற விறாந்தையும், தரையில் அமர்வோருக்குப் பாயும் வேண்டும்.

முன்னோடி: மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. கனடியக் கலைஞர் போல் ஹோகன், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் ஆகியோர் இதன் உருவாக்கத்தில் முதன்மையானோர். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் இங்கு களிமண், ஓவியம், கதை, நாடகம் எனச் சேர்ந்து இயங்கினர். தோட்டமே ஆற்றுப்படுத்தும் கூடமாயிற்று.